ஃப்ரன்ட் லோடா, டாப் லோடா? முதல்ல உங்க வீட்டுத் தண்ணியைக் கேளுங்க!

கோவையிலோ சென்னையிலோ வேலைக்குச் சேர்ந்து, கையில கொஞ்சம் காசு புரள ஆரம்பிச்சதும் நம்மில் பலர் செய்யும் முதல் 'பெரிய' காரியம், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுப்பது. நானும் அதைத்தான் செய்தேன். நோ காஸ்ட் இஎம்ஐ, பதினைந்து ரிவ்யூ வீடியோ, ஒரு எக்ஸெல் ஷீட். எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிய ஏழு கிலோ ஃப்ரன்ட் லோடு மெஷின், மூன்றாவது மாதமே அரிசி மூட்டை வைக்கும் மேடையாகியிருந்தது. அம்மா பழையபடி துவைகல்லில் உட்கார்ந்திருந்தார்.

ஊர் கீரனூர். புதுக்கோட்டை கீரனூர் இல்லை. பழநி வட்டத்துக் கீரனூர், எழுத்தாளர் கீரனூர் ஜாகிர்ராஜாவின் ஊர். பழநி மலைக்கு வடக்கே, மழை மறைவுப் பகுதியில் இருக்கும் சமவெளி. எங்க வீட்டில் குடிக்க ஒரு தண்ணி, புழங்க ஒரு தண்ணி. புழங்குறது போர் தண்ணி. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் குழாயில் ஆறே மாதத்தில் வெள்ளைப் படலம் படியும்.

நான் பார்த்த பதினைந்து வீடியோவில் ஒன்றுகூட இந்தத் தண்ணியைப் பற்றிப் பேசவில்லை. "ஃப்ரன்ட் லோடுதான் நல்லா வெளுக்கும்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் பாதிதான் உண்மை.

அழுக்கு எப்படிப் போகிறது?

ஜெர்மனியின் ஹெங்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959இல் ஒரு எளிய கணக்கைச் சொன்னார். அழுக்கை எடுக்க நான்கு விஷயம் வேண்டும்: சூடு, ரசாயனம் (அதாவது சோப்பு), இயந்திர விசை (அடிப்பது, கசக்குவது), நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியாக வேண்டும். சலவைத் துறையில் இதற்கு 'சின்னர் வட்டம்' என்றே பெயர்.

இந்த வட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டு மெஷினும் என்ன செய்கின்றன என்பது புரிந்துவிடும். டாப் லோடில் டிரம் நிமிர்ந்து நிற்கிறது. துணி முழுக்க மூழ்கும் அளவுக்குத் தண்ணி ஏறுகிறது; அடியில் இருக்கும் தட்டு இப்படியும் அப்படியும் திரும்பித் துணியைச் சுழற்றிக் கசக்குகிறது. ஃப்ரன்ட் லோடில் டிரம் படுத்துக் கிடக்கிறது. அடியில் கொஞ்சமாகத்தான் தண்ணி. டிரம் சுற்றும்போது துணி மேலே ஏறி, தொப்பென்று கீழே விழுகிறது. திரும்ப ஏறுகிறது, திரும்ப விழுகிறது. ஒரு வரியில் சொன்னால், டாப் லோடு கசக்கித் துவைக்கிறது, ஃப்ரன்ட் லோடு அடித்துத் துவைக்கிறது. துவைகல்லில் அடிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் எது அழுக்கை அதிகம் எடுக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

கூடவே ஃப்ரன்ட் லோடுக்கு உள்ளேயே ஹீட்டர் உண்டு. தண்ணி குறைவு என்பதால் சூடாக்குவது சுலபம், சோப்புக் கரைசலும் கெட்டியாக இருக்கும். நேரமும் அதிகம்: காட்டன் புரோகிராம் போட்டால் இரண்டு மணி நேரம், சிலதில் அதற்கும் மேல். சூடு, சோப்பு, அடி, நேரம், நான்கும் இருக்கிறது. டாப் லோடில் பெரும்பாலான மாடல்களுக்கு ஹீட்டர் கிடையாது (இப்போது ஹீட்டர் வைத்தும் வருகிறது, விலை கூடுதல்), முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வட்டத்தில் இரண்டு பக்கம் ஒல்லியாகிவிடுகிறது. ஆகவே சட்டைக் காலர், வேட்டி ஓரம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தலையணை உறை என்று வந்தால் என் ஓட்டு ஃப்ரன்ட் லோடுக்குத்தான்.

ஒரு சின்ன கிளைக்கதை. சூடு, காரம், அடி, நேரம் என்ற இந்தக் கூட்டணி ஒன்றும் ஜெர்மனியில் கண்டுபிடித்தது அல்ல. நம் ஊர் வெள்ளாவி வேறென்ன? துணியை உவர்மண் கரைசலில் முக்கி எடுத்து, பானைமேல் அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில் அவித்து, விடிந்ததும் ஆற்றங்கரைக் கல்லில் அடித்து வெளுத்தார்கள். சின்னர் சொன்ன நாலும் அதில் இருக்கிறது. அந்த அறிவுக்குச் சொந்தக்காரர்களான வண்ணார் சமூகத்துக்கு ஊர் கொடுத்த கூலி, சாயங்காலம் வீடு வீடாக வாங்கிய சோறும் களத்தில் அளந்த தானியமும். தீட்டுத் துணியிலிருந்து இழவு வீட்டு மாத்து வரைக்கும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு, அதற்குத் 'தொழில் முறை' என்று பெயரும் வைத்தோம். "அந்தக் காலத்துல துணி எப்படி வெளுக்கும் தெரியுமா" என்று யாராவது பழம்பெருமை பேசினால், யார் வெளுத்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த வேலை முறை போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. வேலை அங்கிருந்து வீட்டுப் பெண்கள் கைக்கு மாறியதில்தான் வருத்தம்.

சரி, தண்ணிக்கு வருவோம்.

உப்புத் தண்ணி என்ன செய்கிறது?

நாம் 'உப்புத் தண்ணி' என்று சொல்வதில் பெரும்பாலும் இருப்பது சாப்பாட்டு உப்பு இல்லை, கால்சியமும் மக்னீசியமும். இதைக் கடினத்தன்மை என்பார்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐஎஸ் 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது.

இந்த கால்சியம் சோப்பைப் பார்த்ததும் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகி, துணியிலும் டிரம்மிலும் ஒட்டும். வெள்ளை வேட்டி பழுப்பேறுவதும், துண்டு காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நிற்பதும் இதனால்தான். டிடர்ஜென்ட் பவுடர் பார் சோப்பு அளவுக்கு மோசம் போகாது. ஆனால் பவுடரில் ஒரு பங்கு அழுக்கை எடுக்கப் போகாமல் கால்சியத்தோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும்.

இங்கேதான் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். தண்ணியின் கடினத்தன்மை 600 என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரன்ட் லோடு சோப்புப் போட்டுத் துவைக்கும் கட்டத்தில் சுமார் 15 லிட்டர் எடுக்கும் என்றால், பவுடர் எதிர்கொள்ள வேண்டியது 9 கிராம் கடினப்பொருள். டாப் லோடு அதே கட்டத்தில் 45 லிட்டர் எடுத்தால் 27 கிராம். மூன்று மடங்கு! அதாவது தண்ணி எவ்வளவு மோசமோ, அவ்வளவுக்குக் குறைவாகத் தண்ணி எடுக்கும் மெஷினுக்குத்தான் லாபம். "உப்புத் தண்ணிக்கு டாப் லோடுதான் சரி" என்று கடையில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வெளுப்பை மட்டும் பார்த்தால் அது தலைகீழ்.

அப்புறம் ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? ஹீட்டருக்காக. கடினத் தண்ணியைச் சூடுபடுத்தினால் சுண்ணாம்பு பிரிந்து ஹீட்டர் கம்பியின்மேல் ஓடாகப் படியும். வெந்நீர் போடும் வாட்டர் ஹீட்டர் ராடைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓடு தடிமனாக ஆக, சூடு தண்ணிக்குப் போகாமல் கம்பியிலேயே நின்று கம்பி எரிந்துபோகும். அந்தச் செலவுக்கு பயந்துதான் டாப் லோடைக் கை காட்டுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அது மெஷினின் ஆயுளைப் பற்றிய பயம், துணியின் வெளுப்பைப் பற்றியது அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்கிறார்கள்.

எங்க வீட்டில் என்ன நடந்தது?

முதல் பிரச்சினை உப்பு கூட இல்லை. மெஷின் பாதியில் நின்று தண்ணி வரவில்லை என்று எரர் காட்டியது. குழாயைத் திறந்தால் தண்ணி வருகிறது! சர்வீஸுக்கு வந்தவர் ஒரு சல்லடையைக் கழுவி மாட்டிவிட்டுப் போனார். மறுவாரம் அதே எரர். பிறகு மேனுவலைப் படித்தபோதுதான் விளங்கியது. பல மாடல்களுக்குத் தண்ணி குறைந்தது 0.3 பார் அழுத்தத்தில் வர வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணி ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கொடுக்கும். அப்படியானால் 0.3 பாருக்கு மூன்று மீட்டர். மாடி இல்லாத ஓட்டுவீடு, தளவீடுகளில் கூரைமேல் இருக்கும் டேங்குக்கும் மெஷின் குழாய்க்கும் நடுவே மிஞ்சிப் போனால் அவ்வளவுதான் உயரம். டேங்க் பாதி காலியானால் அதுவும் இல்லை. அபார்ட்மென்ட் மூன்றாவது மாடியில் இருக்கும் யூடியூபருக்கு இது கனவிலும் வராத பிரச்சினை.

இரண்டாவது, நேரம். காலையில் தண்ணி பிடித்து, சமைத்து, அப்பாவை அனுப்பிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் துணியைக் கொடியில் போட வேண்டும் என்பது அம்மாவின் கால அட்டவணை. மெஷின் கேட்பது இரண்டு மணி நேரம், நடுவில் கதவைத் திறக்கக் கூடாது. "அப்பாவோட துண்டு ஒண்ணு விட்டுப்போச்சு, போடலாம்னா பூட்டிக்கிட்டு நிக்குது கண்ணு. மெஷினா அது, பேங்க் லாக்கரா?" என்று போனில் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது, நுரை. நுரை வந்தால்தான் அழுக்கு போகும் என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. ஃப்ரன்ட் லோடில் நுரை எதிரி. துணி விழும் இடத்தில் மெத்தை மாதிரி நின்று அடியை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் ஃப்ரன்ட் லோடுக்கென்று நுரை குறைந்த மேட்டிக் பவுடர் தனியாக வருகிறது. அம்மா நுரை காணவில்லையே என்று கையால் துவைக்கிற பவுடரை இரண்டு கை அள்ளிப் போட்டிருக்கிறார். கொஞ்சத் தண்ணியில் அலசி அது போகுமா? துணியில் பவுடர் திட்டுத்திட்டாக நின்றது. மெஷின் வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தில் பிசுக்கும் கருப்புப் பூஞ்சையும். நாத்தம் வேறு. (இந்தப் பூஞ்சை நாத்தத்துக்காகவே அமெரிக்காவில் ஃப்ரன்ட் லோடு கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டார்கள். நம் அம்மாக்கள் மட்டும் செய்யும் தப்பு இல்லை.)

ஆக, நல்லா வெளுக்கும் மெஷின் வீட்டில் இருந்தும் துணி வெளுக்கவில்லை. தப்பு மெஷின்மேல் இல்லை, அம்மாமேல் சத்தியமாக இல்லை. வீட்டைப் பார்க்காமல் ஸ்பெக்ஸை மட்டும் பார்த்து வாங்கிய என்மேல்தான்.

அப்போ டாப் லோடு வாங்கியிருக்கலாமோ?

யோசித்தேன். எங்க தெருவில் முக்கால்வாசி வீடுகளில் இருப்பது ஃப்ரன்டும் இல்லை, ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடும் இல்லை. இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக். நகரத்தில் இதைப் பழைய மாடல் என்று இளக்காரமாகப் பார்ப்போம். ஆனால் அதன் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்: குழாயில் அழுத்தம் வேண்டாம், வாளியில் மொண்டு ஊற்றலாம். அதே சோப்புத் தண்ணியில் முதலில் வெள்ளைத் துணி, அடுத்து கலர் துணி, கடைசியில் மிதியடி, அதற்கப்புறம் வாசல் கழுவ. தண்ணிக் கஷ்டம் உள்ள ஊருக்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

ஆனால் அந்தச் சிக்கனத்தை யார் சுமக்கிறார்கள்? தண்ணி ஊற்றி, துணியைத் துவைக்கிற தொட்டியிலிருந்து அள்ளி அலசி, பிழிகிற தொட்டிக்கு மாற்றி, கூடவே நின்றுகொண்டிருப்பது ஒரு ஆள். அந்த ஆள் அப்பா இல்லை. மெஷின் மிச்சம் பிடித்த தண்ணி, அம்மாவின் இடுப்பு வலியில் வரவு வைக்கப்படுகிறது. அதை 'சிக்கனம்' என்று பாராட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடுக்கு வந்தால், ஒரு லோடுக்குக் கிட்டத்தட்ட நூறு லிட்டருக்கு மேல் தண்ணி குடிக்கும். ஃப்ரன்ட் லோடுக்கு ஐம்பது லிட்டர் வாக்கில் போதும். வாரத்துக்கு நான்கு முறை போட்டால் மாதத்துக்கு சுமார் 800 லிட்டர் வித்தியாசம். கோடையில் போர் கம்பீரமாகக் காற்றை மட்டும் கக்கும்போது, ட்ரம் கணக்கில் லாரித் தண்ணி வாங்கியவர்களுக்கு இந்த எண்ணின் அர்த்தம் தெரியும். இன்னொன்று, டாப் லோடின் தட்டு சுழன்று ஐந்தரை மீட்டர் புடவையை முறுக்கிக் கயிறாக்கிவிடும். பக்கத்தில் சின்னாளப்பட்டியில் வாங்கிய சுங்குடிப் புடவையை அதில் போட அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டார். (புதுச் சுங்குடியை எந்த மெஷினிலும் போடாதீர்கள். முதல் இரண்டு தடவை தனியாக, பச்சைத் தண்ணியில், கையால்.)

டாப் லோடு எங்கே ஜெயிக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். குனிய வேண்டாம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. நடுவில் நிறுத்தித் துண்டைப் போடலாம். ஊறவைக்கலாம். தண்ணி தாராளமாக இருப்பதால் அலசுவது நன்றாக நடக்கும். விலையும் சில ஆயிரங்கள் குறைவு. மெதுவான தண்ணி ஊர்க்காரர்கள், தினம் லேசான அழுக்கு மட்டும் உள்ள ஆபீஸ் துணி துவைப்பவர்கள், டாப் லோடு வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

விளம்பரம் பெரிதாகப் பேசுகிற ஒரு அம்சம், ஸ்பின் வேகம். நிமிடத்துக்கு 700 சுற்றுக்குப் பதில் 1400 சுற்று என்றால், டிரம் அகலம் ஒன்றாக இருக்கும்பட்சத்தில், பிழியும் விசை நான்கு மடங்கு. கேட்கப் பிரமாதம். ஆனால் கீரனூர் சித்திரை வெயிலில் சொட்டச் சொட்டப் போட்ட வேட்டியே சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. பால்கனியில் வெயிலே படாத சென்னை ஃப்ளாட்டுக்குத்தான் அந்தக் காசு செல்லும். கரன்ட் பில் பயமும் அப்படித்தான். 15 லிட்டர் தண்ணியை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் அரை யூனிட். 40 டிகிரி போதும் என்றால் கால் யூனிட்கூட ஆகாது. மொட்டைமாடி பிளாஸ்டிக் டேங்க் தண்ணி மத்தியானத்தில் கை வைக்க முடியாத சூட்டில் வருகிறதே, அந்த வெந்நீர் இலவசம்.

பஞ்சாமிர்தம் டெஸ்ட்

மெஷின்களின் துவைக்கும் திறனை அளக்க ஐஇசி 60456 என்று ஒரு சர்வதேசத் தரமுறை இருக்கிறது. கறை ஏற்றிய துணிப் பட்டைகளைத் துவைத்து, எவ்வளவு வெளுத்தது என்று கருவியால் அளப்பார்கள். அந்தக் கறைகள் என்னென்ன தெரியுமா? சிவப்பு ஒயின், கோகோ, ரத்தம், கரி கலந்த எண்ணெய், தோலின் எண்ணெய்ப்பசை. மஞ்சள் இல்லை. சாம்பார் இல்லை. பழநிக்குப் பக்கத்து ஊர்க்காரங்களுக்குக் கண்டிப்பாக இருக்க வேண்டிய பஞ்சாமிர்தமும் இல்லை.

பஞ்சாமிர்தக் கறையில் வெல்லமும் சர்க்கரையும் பச்சைத் தண்ணியிலேயே கரைந்துவிடும். நெய்க்குச் சூடு வேண்டும். 40 டிகிரி போட்டால் ஃப்ரன்ட் லோடு எடுத்துவிடுகிறது. வாழைப்பழக் கறை பழுப்பாக நிற்கும், அதற்கு ஊறவைத்தல்தான். ரத்தக்கறைக்கு நேர் எதிர் விதி: முதலில் பச்சைத் தண்ணி. நேரே வெந்நீர் வாஷ் போட்டால் புரதம் வெந்து துணியோடு ஒட்டிக்கொள்ளும். மாதவிடாய்க் கறையோடு துணியை நேராக 60 டிகிரியில் போட்டுவிட்டு மெஷினைத் திட்டும் தோழிகள் எனக்கு உண்டு. மஞ்சள் கறை இருக்கிறதே, அது எந்த மெஷினுக்கும் அடங்காது. சோப்புப் பட்டால் சிவந்து காட்டிப் பயமுறுத்தும். துவைத்துவிட்டு இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள், வெளிறிவிடும்.

இப்போது என்ன நிலைமை?

மெஷினை விற்கவில்லை. அரிசி மூட்டையை இறக்கிவிட்டு, குழாயில் ஒரு சின்ன பிரஷர் பம்ப் மாட்டினோம். தண்ணி எரர் அன்றோடு நின்றது. பவுடரை மாற்றினோம். அலசல் ஒன்று கூடுதலாக வைத்தோம், அதனால் தண்ணி கொஞ்சம் கூடுகிறது, அப்படியும் டாப் லோடைவிடக் குறைவுதான். மாதம் ஒருமுறை துணியில்லாமல் சிட்ரிக் ஆசிட் போட்டுச் சூடாக ஒரு ஓட்டம். ஹீட்டர் ஓடு கரைந்துவிடும். துவைத்து முடித்ததும் கதவைத் திறந்தே வைப்பது, ரப்பரைத் துடைப்பது. இதைச் செய்வது அப்பா. அது என் நிபந்தனை.

இரண்டு மணி நேரச் சண்டைக்கும் வழி கிடைத்தது. ராத்திரி படுக்கும்போது துணியைப் போட்டு, விடிகாலை முடிகிற மாதிரி டிலே ஸ்டார்ட் வைத்துவிடுகிறார் அம்மா. காலையில் எழுந்ததும் நேராகக் கொடிதான்.

நீங்கள் ஊருக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால், ஷோரூமுக்கு முன் வீட்டுத் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் போங்கள். கட்டணம் கட்டினால் கடினத்தன்மை எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். டேங்குக்கும் குழாய்க்கும் எத்தனை அடி உயரம் என்று அளந்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, துவைக்கப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். என் எக்ஸெல் ஷீட்டில் பதினொரு காலம் இருந்தது, அம்மாவுக்கு ஒன்றுகூட இல்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மெஷினின் கழிவுநீர்க் குழாயை நீட்டி ஒரு ட்ரம்முக்குள் விட்டிருந்தார். முதல் சோப்புத் தண்ணி வாசல் கழுவவும் கழிவறைக்கும், கடைசி அலசல் தண்ணி தென்னைக்கு. "செமி ஆட்டோமேட்டிக்ல மட்டும்தான் இதெல்லாம் முடியும்னு யார் சொன்னது?" என்றார். அப்பாவின் வேட்டி கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் அந்த மஞ்சள் கறை மட்டும் இன்னும் போகவில்லை.